நிகழாத சாவுகளை எண்ணுதல்

ஒரு மருத்துவ ஏற்பாட்டுக்குச் செலவிடப்படும் பணத்துக்கு ஈடான நலம் மக்களுக்குக் கிட்டுகிறதா என்று எண்களைக்கொண்டு ஆராயும் நலப்பொருளியல் என்னும் துறை கையாண்ட பொருள்களுள், 65 வயதைக் கடந்தவர்களுக்கு ஆண்டுதோறும் போடப்படும் ஃபுளூ தடுப்பூசியைப் போல வெளியே எளிதாகத் தோன்றி, உள்ளே நுழைந்த பிறகு பிடிகொடாமல் நழுவியவை மிகச் சிலவே. ஊசிமருந்தின் விலை தெரிந்தது. அதைப் போடும் செவிலியரின் ஊதியம் தெரிந்தது. மருத்துவமனைப் படுக்கைக்கு ஒரு நாளில் ஆகும் செலவும் கணக்கேடுகளில் உள்ளது. தெரியாமல் நிற்பது, அந்த ஊசி போடப்படாதிருந்தால் அந்தக் குளிர்காலத்தில் இன்னும் எத்தனை பேர் இறந்திருப்பார்கள் என்னும் ஒன்றே. நிகழாத சாவுக்குச் சான்றிதழ் எழுதுவார் இல்லையாதலால் அதை நேரே எண்ண வழியில்லை; உய்த்துணர்ந்தே எண்ண வேண்டும். கணக்கின் ஏனைய உறுப்புகள் எல்லாம் கூடி விடையை மாற்றுவதைவிட இந்த ஒன்று விடையை அதிகமாக மாற்றிவிடுகிறது என்பதை அமெரிக்க, பிரிட்டானிய, ஐரோப்பிய அனுபவங்களைக்கொண்டு காட்ட இச்சொற்பொழிவு முற்படுகிறது.

சிக்கலின் வேர் நோயின் இயல்பிலேயே இருக்கிறது. இன்ஃபுளுவென்சா வைரஸ் முதியவர் ஒருவரின் உடலில் நெடுநாள் தங்குவதில்லை. ஆனால் அது புண்ணாக்கிவிட்டுப் போன மூச்சுப்பாதையில் பாக்டீரியா குடியேறி நிமோனியா உண்டாவதும், முன்பே தளர்ந்திருந்த இதயம் அந்தச் சுமையைத் தாங்காமல் ஓய்வதும் அதற்குப் பிறகு நேர்கின்றன. ஆகவே இறப்புச் சான்றிதழில் நிமோனியா என்றோ மாரடைப்பு என்றோ எழுதப்படுகிறதே ஒழிய, தொடங்கிவைத்த ஃபுளூவின் பெயர் பெரும்பாலும் இடம்பெறுவதில்லை. 1847இல் லண்டனைத் தாக்கிய ஃபுளூவை ஆராய்ந்த வில்லியம் ஃபார் இதை அன்றே கண்டுகொண்டார். பதிவேட்டில் ஃபுளூ என்று குறிக்கப்பட்டிருந்த சாவுகளைக் காட்டிலும், வழக்கமான அளவுக்கு மேலாக அந்த வாரங்களில் நிகழ்ந்திருந்த சாவுகள் மிகப் பலவாக இருந்தன. இந்தக் கருத்துக்கு 1963இல் அமெரிக்கப் புள்ளியியலாளர் ராபர்ட் செர்ஃப்ளிங் கணித வடிவம் தந்தார். கோடையில் தாழ்ந்தும் குளிரில் உயர்ந்தும் வரும் சாவு எண்ணிக்கையை ஓர் அலைக்கோடாக வரைந்து, ஃபுளூ பரவும் வாரங்களில் அக்கோட்டுக்கு மேலே எழும் பகுதியை மட்டும் ‘மிகைச் சாவு’ என்று பிரித்தெடுப்பது அவர் முறை. பின்னாளில் செலவுக்கணக்குகளுக்கு எதிராகப் பயன்பட்ட முதன்மையான கருவி இதுவே.

1957, 1958ஆம் ஆண்டுகளில் உலகெங்கும் பரவிய ஆசிய ஃபுளூவில் முதியோரும் நாள்பட்ட நோயாளரும் பெருந்தொகையாக மடிந்ததைக் கண்ட அமெரிக்கத் தலைமை அறுவை மருத்துவர் லெராய் பர்னி, அவர்கள் ஆண்டுதோறும் தடுப்பூசி போட்டுக்கொள்ள வேண்டுமென்று 1960இல் பரிந்துரைத்தார். அந்தப் பரிந்துரை இளம் படைவீரர்களிடம் நடந்த சோதனைகளை நம்பி எழுந்தது. முதியோரிடம் அந்த ஊசி சாவைக் குறைக்கிறது என்பதற்கு அப்போது நேரான சான்று இல்லை. நான்கே ஆண்டுகளில், 1964இல், அந்நாட்டின் தொற்றுநோய் மையத்தைச் சேர்ந்த அலெக்சாண்டர் லாங்மியூரும் உடனாய்வாளர்களும், போதிய சான்றின்றி இவ்வளவு பொருட்செலவில் இதைத் தொடர்வது தகுமா என்று வெளிப்படையாகக் கேட்டனர். அரசு நிறுவனத்துக்கு உள்ளிருந்தே எழுந்த அக்கேள்விக்கு அடுத்த நாற்பது ஆண்டுகள் செவ்வையான விடை தேடப்படவில்லை என்பதுதான் இவ்வரலாற்றில் வியப்புக்குரியது.

விடைக்குப் பதிலாகக் கணக்கு வந்தது. அமெரிக்க நாடாளுமன்றத்துக்குத் தொழில்நுட்பச் செய்திகளில் அறிவுரை கூறிவந்த தொழில்நுட்ப மதிப்பீட்டு அலுவலகம், ஃபுளூ தடுப்பூசியின் செலவுக்கும் பயனுக்கும் உள்ள உறவை ஆராய்ந்து 1981 டிசம்பரில் ஓர் அறிக்கை வெளியிட்டது. தடுப்பு மருத்துவத்தைப் பணக்கணக்கில் வைத்துப் பார்த்த தொடக்ககால முயற்சிகளுள் ஒன்றான அது, ‘நலமான ஓர் ஆயுளாண்டுக்கு ஆகும் செலவு’ என்னும் அளவுகோலைக் கையாண்டது. இவ்வளவுகோல் இன்று ‘தரம் சேர்த்த ஆயுளாண்டு’ என்று வழங்குவதன் முன்னோடி. முழு நலத்தோடு வாழும் ஓராண்டை 1 என்றும், படுத்த படுக்கையாகக் கழியும் ஓராண்டை அதைவிடக் குறைந்த பின்னமாகவும், சாவைச் சுழியாகவும் கொண்டு, ஒரு சிகிச்சை மக்களுக்குச் சேர்த்துத் தரும் ஆயுளின் நீளத்தையும் அதன் தரத்தையும் ஒரே எண்ணாக ஆக்குவது அதன் முறை. அவ்வறிக்கை எழுப்பிய வேறொரு கேள்வி இன்றும் தீரவில்லை. ஊசியால் ஃபுளூவிலிருந்து பிழைத்த எழுபது வயதுக்காரர் பின்னர் பத்தாண்டு வாழ்ந்து, அப்பத்தாண்டில் புற்றுநோய்க்கும் எலும்பு முறிவுக்கும் மருத்துவம் பார்த்துக்கொண்டால், அந்தச் செலவை ஊசியின் பற்றில் எழுதுவதா, விட்டுவிடுவதா? எழுதினால் பிழைத்திருப்பதே ஒரு செலவாகிவிடுகிறது. விட்டால் கணக்கு முழுமையாவதில்லை. எழுதாத கணக்கில் முதியோருக்கான ஊசி பணத்தை மிச்சப்படுத்துவதாகவும், எழுதிய கணக்கில் சிறிது செலவு வைப்பதாகவும் தெரிந்தது.

அந்நாளில், முதியோருக்கான அரசு மருத்துவக் காப்பீடான மெடிகேர், நிமோனியா வகையொன்றைத் தடுக்கும் நியூமோகாக்கல் தடுப்பூசிக்கு 1981 முதல் பணம் தந்துவந்ததே அன்றி, ஃபுளூ ஊசிக்குத் தரவில்லை. செலவுக்கு ஏற்ற பயன் உண்டென்று மெய்ப்பித்தால் மட்டுமே காப்பீட்டில் சேர்க்கப்படும் என்ற நிபந்தனையோடு ஒரு செயல்விளக்கத் திட்டத்துக்கு நாடாளுமன்றம் 1987இல் ஆணையிட்டது. 1988 முதல் 1992 வரை பல மாநிலங்களில் நடந்த அத்திட்டத்தின் முடிவு சாதகமாக அமைந்ததால் 1993 மே 1 முதல் ஃபுளூ ஊசிக்கும் மெடிகேர் பணம் தரத் தொடங்கியது. ஒரு தடுப்பூசியின் தலைவிதியைப் பொருளியல் கணக்கு ஒன்றுடன் சட்டமே முடிச்சுப் போட்டது அந்நாள்வரை பெரிதும் காணாத நிகழ்ச்சியாகும்.

அடுத்த ஆண்டே அம்முடிவுக்கு அரண் செய்வதுபோல ஓர் ஆய்வு வெளிவந்தது. மினியாபொலிஸ், செயின்ட் பால் ஆகிய இரட்டை நகரங்களில் ஒரு பெரிய மருத்துவக் காப்பீட்டு அமைப்பில் சேர்ந்திருந்த முதியோருள் ஆண்டுக்கு 25,000 பேருக்குமேல் எடுத்துக்கொண்டு, 1990 முதல் 1993 வரை மூன்று ஃபுளூ பருவங்களை கிறிஸ்டின் நிக்கல் தலைமையிலான குழு ஆராய்ந்தது. ஊசி போட்டுக்கொண்டவர்கள் நிமோனியா, ஃபுளூ ஆகியவற்றுக்காக மருத்துவமனையில் சேர்வது 48 முதல் 57 விழுக்காடும், எந்தக் காரணத்தாலாயினும் இறப்பது 39 முதல் 54 விழுக்காடும் குறைந்திருந்ததாக 1994இல் நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசின் இதழில் அவர்கள் எழுதினர். ஊசி ஒவ்வொன்றும் சராசரியாக 117 டாலர் மருத்துவச் செலவை மிச்சப்படுத்தியது என்றும் கண்டனர். போட்டால் உயிரும் மிஞ்சும், பணமும் மிஞ்சும் என்று சொல்லும் கணக்கை எந்த அரசும் மறுப்பதில்லை. பிரிட்டன் 1998இல் 75 வயதைக் கடந்தோருக்கும் 2000இல் 65 வயதைக் கடந்தோருக்கும் இலவச ஊசியை விரித்தது. 2010க்குள் முதியோருள் 75 விழுக்காட்டினர் ஊசி பெறவேண்டுமென்று உலக சுகாதாரப் பேரவை 2003இல் இலக்கு வகுத்தது.

எல்லாச் சாவுகளிலும் பாதியை ஓர் ஊசி தடுக்கிறது என்னும் கூற்றைச் சற்று நின்று நோக்கினால் அது கூட்டல் கழித்தல் அளவிலேயே இடறுவது புலப்படும். லோன் சைமன்சனும் உடனாய்வாளர்களும் 2005இல் அந்த இடறலை வெளிச்சத்துக்குக் கொண்டுவந்தனர். செர்ஃப்ளிங்கின் வழிவந்த முறையால் அவர்கள் கணித்தபோது, அமெரிக்க முதியோரின் குளிர்காலச் சாவுகளுள் ஃபுளூவால் நேர்பவை எந்த ஆண்டிலும் பத்து விழுக்காட்டை எட்டவில்லை. பத்தில் ஒரு பங்குக்கும் குறைவான சாவுக்குக் காரணமான நோயை முற்றாக ஒழித்தாலும் மொத்தச் சாவு பாதியாகக் குறைய இயலாது. மேலும், 1980க்கு முன் 15 விழுக்காட்டை ஒட்டியிருந்த ஊசி பெற்றோர் விகிதம் 2001இல் 65 விழுக்காடாக உயர்ந்த பின்னரும் நாட்டின் மிகைச் சாவு அதற்கேற்பத் தாழவில்லை. முதியோரிடம் ஊசி பயனற்றது என்று அவர்கள் சொல்லவில்லை. ஆய்வுகள் காட்டிய பயன் உண்மைப் பயனைவிட மிகப் பெரிதாக ஊதியிருக்கிறது என்றே சொன்னார்கள்.

ஊதியது எப்படி என்பதை 2006இல் லிசா ஜாக்சனின் குழு நுட்பமான ஒரு வழியால் காட்டியது. வாஷிங்டன் மாநிலத்தில் ஒரு கூட்டுறவு மருத்துவ அமைப்பைச் சேர்ந்த 72,527 முதியோரின் எட்டாண்டுப் பதிவுகளை எடுத்து, ஊசி போட்டவருக்கும் போடாதவருக்கும் உள்ள சாவு விகித வேறுபாட்டை, ஃபுளூ ஊருக்குள் வருவதற்கு முன், பரவும்போது, ஓய்ந்த பின் என மூன்று காலங்களாக அவர்கள் பிரித்தனர். ஊசியின் பயன் மெய்யானால் வேறுபாடு ஃபுளூ பரவும் காலத்தில் மிகுதியாகவும் மற்றக் காலங்களில் இல்லாமலும் இருக்க வேண்டும். கிடைத்ததோ நேர்மாறு. ஊசி போட்டவரின் சாவு வாய்ப்பு, போடாதவருடையதை 1 எனக் கொண்டால், ஃபுளூ வருமுன் 0.39, பரவும்போது 0.56, ஓய்ந்த பின் 0.74. இன்னும் வராத நோயிலிருந்து ஊசி மிக அதிகமாகக் காப்பாற்றியிருக்கிறது! மருத்துவப் புள்ளியியலில் இதைவிடத் தெளிவாகத் தன்னைத் தானே காட்டிக்கொடுத்த எண்வரிசை காண்பது கடினம்.

பொருள் இதுதான். இலையுதிர் காலத்தில் மருத்துவமனைக்கு நடந்து சென்றோ, மகன் மகள் துணையோடு சென்றோ ஊசி போட்டுக்கொள்பவர் அப்படிச் செல்லும் தெம்பும் துணையும் உள்ளவர். வாழ்வின் கடைசி மாதங்களில் இருப்பவருக்கு, இனி எதற்கு ஊசி என்று வீட்டாரும் மருத்துவரும் விட்டுவிடுகின்றனர். ஊசி போடாதோர் கூட்டத்தில் சாவை நெருங்கியவர்கள் இவ்வாறு சேர்ந்துவிடுவதால், ஊசி வெறும் உப்புநீராக இருந்திருந்தாலும் போட்டவர்கள் நீண்டநாள் வாழ்ந்திருப்பார்கள். இதை ‘நலமுள்ளோர் சாய்வு’ எனலாம். இந்தச் சாய்வை அறவே நீக்க வல்லது, யாருக்கு மருந்து, யாருக்குப் போலி மருந்து என்பதைக் குலுக்கல் முறையில் முடிவுசெய்யும் சோதனைதான். முதியோரிடம் அப்படி நடந்தவற்றுள் பெரிதும் மேற்கோளாவது நெதர்லாந்தில் 1991, 1992 பருவத்தில் 60 வயதைக் கடந்த 1,838 பேரிடம் நடந்து 1994இல் வெளியானது. குருதிச் சோதனையால் உறுதியான ஃபுளூ நோயை ஊசி ஏறத்தாழப் பாதியாகக் குறைத்ததை அது காட்டியது. சாவைப் பற்றி முடிவு சொல்ல 1,838 பேர் போதாது. பல்லாயிரக்கணக்கானோரைக்கொண்டு பெரிய சோதனை நடத்தலாம் என்றால், அரசே பரிந்துரைத்த ஊசியைப் பாதிப்பேருக்கு மறுப்பது அறமன்று என்ற தடை எழுகிறது. லாங்மியூர் கேட்டபோது செய்திருக்கக்கூடியதைப் பின்னர் செய்ய முடியாமற் போயிற்று. பரிந்துரை முந்திக்கொண்டு, சான்றுக்கான வழியை அடைத்துவிட்டது.

இந்த ஊதல் செலவுக்கணக்கை எவ்வளவு புரட்டும் என்பதை விளங்கிக்கொள்ள, விளக்கத்துக்காகவே புனைந்த எண்களைக்கொண்டு ஒரு சிறு கணக்கைப் போட்டுப் பார்க்கலாம். பத்தாயிரம் முதியோருக்குத் தலைக்கு 15 பவுண்டு செலவில் ஊசி போட 1,50,000 பவுண்டு ஆகிறது எனவும், ஊசி இல்லாவிடில் அவர்களுள் ஒரு குளிர்காலத்தில் 200 பேர் இறப்பர் எனவும், அவருள் பத்துப் பேரின் சாவு மட்டுமே ஃபுளூவால் நேர்வது எனவும், காப்பாற்றப்பட்டவர் ஒவ்வொருவரும் தரம் சேர்த்த ஆறு ஆயுளாண்டுகள் வாழ்வர் எனவும் கொள்வோம். ஊசி எல்லாச் சாவுகளையும் பாதியாகக் குறைக்கிறது என்று நம்பினால் நூறு பேர் பிழைத்து 600 ஆயுளாண்டுகள் சேர்கின்றன. ஆயுளாண்டு ஒன்றுக்கு ஆகும் செலவு 250 பவுண்டே. ஃபுளூச் சாவுகளை மட்டும் பாதியாகக் குறைக்கிறது என்று கொண்டால் ஐந்து பேர் பிழைத்து 30 ஆயுளாண்டுகள் சேர்கின்றன. செலவு 5,000 பவுண்டாகிறது. அந்த ஐவரும் முன்பே தளர்ந்தவர்களாக இருந்து ஆளுக்கு இரண்டு ஆயுளாண்டுகளே பெறுவார்களானால் 15,000 பவுண்டு. மருத்துவமனைச் செலவில் மிஞ்சுவதை இதில் சேர்க்கவில்லை; சேர்த்தால் எண்கள் இறங்கும். ஆயினும் ஊசியின் விலையில் ஐந்து பவுண்டைக் குறைத்தோ கூட்டியோ பெறும் மாற்றம், மேற்கண்ட இருபது மடங்கு, அறுபது மடங்கு மாற்றத்தின் முன் ஒரு பொருட்டாகாது. கொள்முதல் அலுவலர் விலைக்காக நடத்தும் பேரத்தைவிடத் தொற்றுநோயியலாளர் சாவை எண்ணும் முறை கருவூலத்தை அதிகம் தொடுகிறது.

பிரிட்டனில் தடுப்பூசிகளைப் பரிந்துரைக்கும் கூட்டுக்குழு நெடுங்காலமாகக் கையாண்டுவந்த வரம்பு, தரம் சேர்த்த ஓர் ஆயுளாண்டுக்கு 20,000 பவுண்டு. சாய்வை நீக்கிய கணக்கும் அந்த வரம்புக்குள் வந்துவிடுகிறது என்பதைக் கவனிக்க வேண்டும். மலிவான ஊசி என்பதால், சுருங்கிய பயனும் அதற்குப் போதுமானதாகிறது. ஆனால் சுருங்கியது இன்னும் சுருங்கினால் நிலை மாறும். 2017, 2018 குளிர்காலத்தில் ஏ வகை எச்3என்2 வைரஸும் பிரிட்டனில் பரவியபோது, 65 வயதைக் கடந்தோரிடம் ஊசி தந்த காப்பு 10 விழுக்காட்டளவே எனப் பொதுச் சுகாதார அமைப்பு மதிப்பிட்டது. மேற்கண்ட புனைவுக் கணக்கில் 50 விழுக்காட்டுக்குப் பதில் 10ஐ வைத்தால் ஒருவரே பிழைக்கிறார். அவர் ஆறு ஆயுளாண்டுகளும் பெற்றால்கூடச் செலவு 25,000 பவுண்டாகி வரம்பைத் தாண்டுகிறது. ஒரே ஆண்டின் தோல்வியை வைத்துத் திட்டத்தை எடைபோடுவது முறையன்று. வடகோளத்துக்கான வைரஸ் வகைகளை உலக சுகாதார நிறுவனம் பிப்ரவரியிலேயே தேர்ந்துவிடுவதால், எந்த ஆண்டு பொருந்தும், எந்த ஆண்டு பொருந்தாது என்பதை யாரும் முன்கூட்டி அறிய இயலாது. ஆயினும் முதியோரின் நோயெதிர்ப்பாற்றல் வயதோடு தளர்வதும், கோழிமுட்டையில் வளர்க்கப்படும் எச்3என்2 வைரஸ் முட்டைக்கேற்பத் தன் உருவைச் சிறிது மாற்றிக்கொள்வதும் சேர்ந்து விளைக்கும் இத்தகைய தாழ்வு கூட்டுக்குழுவை முன்பே சிந்திக்க வைத்திருந்தது. ஸ்குவாலீன் என்னும் எண்ணெய்ப்பொருளைத் துணையூக்கியாகச் சேர்த்து உடலின் எதிர்வினையைத் தூண்டும் வேறு ஊசி, அடுத்த பருவத்திலிருந்தே அந்நாட்டு முதியோருக்கு வந்தது.

சாய்வை அறிந்த பின் நடந்த ஆய்வுகள் அடக்கமாகவே பேசுகின்றன. வட கலிஃபோர்னியாவின் கைசர் பெர்மனென்டே பதிவுகளை ஆராய்ந்த புரூஸ் ஃபயர்மன் குழு, ஃபுளூ இல்லாத மாதங்களில் காணப்படும் வேறுபாட்டைச் சாய்வென்று கொண்டு கழித்துப் பார்த்து, ஃபுளூ பருவத்து மொத்தச் சாவில் ஊசி குறைப்பது 4.6 விழுக்காடு என்று 2009இல் கூறியது. ஐம்பதிலிருந்து ஐந்துக்கும் கீழே இறங்கிய இந்த எண்தான் கூட்டல் கழித்தலோடு ஒத்துப்போகிறது. பிரிட்டனில் 65ஆம் பிறந்தநாளோடு ஊசி போடுவோர் தொகை திடீரென உயர்வதைப் பயன்படுத்தி, அவ்வயதுக்குச் சற்று முன்னும் பின்னும் உள்ளவர்களை ஒப்பிட்ட 2020ஆம் ஆண்டு ஆய்வொன்று சாவிலோ மருத்துவமனைச் சேர்க்கையிலோ குறைவைக் காணவில்லை. முறை நேர்த்தியானது, ஆனால் அது சொல்வது 65 வயதினரைப் பற்றி மட்டுமே. ஃபுளூவால் பெரிதும் இறப்பவர்கள் எண்பதைக் கடந்தவர்கள்; அவர்களைப் பற்றி அந்த ஒப்பீடு வாய்திறப்பதில்லை.

முதியவரைக் காக்க முதியவருக்கே ஊசி போட வேண்டுமா என்ற கேள்வியும் இதனோடு பிணைந்தது. ஜப்பான் 1962 முதல் பள்ளிப் பிள்ளைகளுக்கு ஃபுளூ ஊசி போட்டுவந்தது. 1987இல் பெற்றோர் மறுக்கலாம் என்றாகி, 1994இல் அத்திட்டம் நின்றுபோயிற்று. அக்காலத்துச் சாவுக் கணக்குகளை ஆராய்ந்த தாமஸ் ரைக்கர்ட் குழு, பிள்ளைகளுக்குப் போட்ட ஊசி ஆண்டுக்கு 37,000 முதல் 49,000 சாவுகளைத் தடுத்ததாகவும், அவை பெரும்பாலும் முதியோருடையவை எனவும் 2001இல் கணித்தது. 420 பிள்ளைகளுக்கு ஊசி போட்டால் ஓர் உயிர் பிழைத்தது என்பது அதன் சாரம். பேரப்பிள்ளை வழியாகத் தாத்தா பாட்டிக்கு வரும் நோயைப் பேரப்பிள்ளையிடமே நிறுத்தும் இந்த வழி, ஊசிக்கு நன்றாக எதிர்வினை தரும் இளம் உடலைப் பயன்படுத்துகிறது. ஆனால் இதுவும் மிகைச் சாவைக்கொண்டு உய்த்துணர்ந்ததே. அக்காலத்தில் ஜப்பானியரின் உடல்நலத்திலும் வாழ்க்கையிலும் வேறு மாறுதல்கள் நிகழாமல் இல்லை. பிரிட்டன் 2013இல் பிள்ளைகளுக்கு மூக்கில் தெளிக்கும் மருந்தைக் கொண்டுவந்ததற்குச் செலவுக்கணக்கே முதன்மைக் காரணம். பிள்ளைகளின் காப்பு பெருகினால் முதியோர் ஊசியால் மேலும் கிட்டும் பயன் குறைகிறது. ஒன்றின் கணக்கை மற்றதை மறந்து போட இயலாது.

குளிர்காலத்தை நடுவாக வைத்த இந்தக் கணக்குகளைத் தமிழ்நாட்டுக்கு அப்படியே பெயர்த்துவைக்க முடியாது. இந்தியாவின் பெரும்பகுதியில் ஃபுளூ தென்மேற்குப் பருவமழையோடும், சென்னையிலும் வேலூரிலும் வடகிழக்குப் பருவமழையை ஒட்டி அக்டோபர், நவம்பர் மாதங்களிலும், ஸ்ரீநகரில் கடுங்குளிரிலும் உச்சமடைகிறது. ஒரே நாட்டுக்குள் எந்தக் கோளத்து ஊசியை எந்த மாதத்தில் போடுவது என்பதே முதலில் தீர வேண்டியிருக்கையில், ஆயுளாண்டுக்கு ஆகும் செலவு அதற்கு அடுத்த படியாகிறது.

இப்போதைய வழக்கு, ஊசியா ஊசியின்மையா என்பதைவிட, எந்த ஊசி என்பதைப் பற்றியது. வழக்கமான ஊசியில் ஒவ்வொரு வைரஸ் வகைக்கும் 15 மைக்ரோகிராம் ஆன்டிஜென், அதாவது எதிர்ப்பாற்றலைத் தூண்டும் வைரஸ் புரதம், இருக்க, உயரளவு ஊசியில் 60 மைக்ரோகிராம் இருக்கிறது. 31,989 பேரிடம் நடந்து 2014இல் வெளியான குலுக்கல் சோதனையில், ஆய்வகத்தில் உறுதியான ஃபுளூவை அது வழக்கமான ஊசியைவிட 24 விழுக்காடு அதிகமாகத் தடுத்தது. அமெரிக்கா 2022இல் முதியோருக்கு இதையும், இதுபோல வலுவூட்டிய வேறு இரண்டு வகைகளையும் விரும்பத்தக்கவையாக அறிவித்தது. இதன் விலை அங்கே வழக்கமான ஊசியின் விலையைப்போல இரு மடங்குக்கும் மேல். இவ்விடத்தில் கணக்கிட வேண்டியது மொத்தச் செலவையன்று. கூடுதல் விலையைக் கூடுதல் பயனால் வகுத்து வருவதையே, அதாவது ‘மிகைச்செலவு வீதத்தை’. முதற்படியில் மலிவாகத் தோன்றிய பொருள் இரண்டாம் படியில் விலையேறியதாக மாறுவது இவ்வீதத்தின் இயல்பு.

இரண்டு ஊசிகளுமே மெய்யான ஊசிகளாதலால் பழைய அறத்தடை இங்கு எழவில்லை. குலுக்கல் சோதனையைப் பெருந்தொகையில் நடத்த முடிந்தது. டென்மார்க்கில் 2022 முதல் 2025 வரை மூன்று பருவங்களில் 3,30,000 பேருக்குமேல் சேர்ந்து நாட்டின் மருத்துவப் பதிவேடுகள் வழியே தொடரப்பட்ட சோதனையின் முடிவு 2025 ஆகஸ்டில் வெளியாயிற்று. ஃபுளூ அல்லது நிமோனியாவுக்காக மருத்துவமனையில் சேர்ந்தோர் உயரளவு ஊசி பெற்றவருள் 0.68 விழுக்காடு, வழக்கமான ஊசி பெற்றவருள் 0.73 விழுக்காடு, இவ்வேறுபாடு தற்செயலாகவும் நேர்ந்திருக்கக் கூடிய அளவினது. ஃபுளூ என்றே உறுதிசெய்யப்பட்டுச் சேர்ந்தோரை மட்டும் தனியே எடுத்தாலோ முன்னவருள் 0.06, பின்னவருள் 0.11. மூன்றரை இலட்சத்தை நெருங்கும் முதியோரைத் திரட்டியும், ஃபார் 1847இல் லண்டன் பதிவேடுகளில் கண்ட அதே இடைவெளி, நோயின் பெயரால் எண்ணுவதற்கும் அதன் விளைவால் எண்ணுவதற்கும் இடையில், திரும்ப வந்து நிற்கிறது. உயரளவு ஊசிக்கு எவ்வளவு விலை தரலாம் என்று இப்போது பேரம் பேசும் அரசுகளுள், இரண்டாம் எண்வரிசையை எடுத்துக்கொள்பவை கூடுதல் விலைக்கு நியாயம் காண்கின்றன. முதல் எண்வரிசையை எடுத்துக்கொள்பவை தயங்குகின்றன.